பைத்துல்மாலைப் பிரித்துக் காத்த இமாம் அபூயூஸுஃப் (ரஹ்)

நீலகிரி மலையில் குன்னூருக்கும் உதகைக்கும் இடையே அமைந்திருக்கிறது கேத்திப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம்; மறுபக்கம் உருளைக்கிழங்கும் காரட்டும் கோசும் விளையும் படிக்கட்டு வயல்கள். காணக் கண் குளிரும் இப்பூமியில் வாழ்வோருக்கு ஐப்பசி, கார்த்திகை மழை என்றால் உள்ளத்தில் ஓர் அச்சம் உண்டு. 2009-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த மழைக் காலத்தில் மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. அதன்பின், வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் சிறு கீறல் விழுந்தாலும் இங்குள்ளவர்களுக்கு உறக்கம் வருவதில்லை.

இம்மலைப் பகுதியில் சிறியதொரு மஹல்லாவில் இந்த எளியேன் இமாமத் செய்துகொண்டிருந்தபோது பள்ளிவாசலின் தடுப்புச் சுவரில் அப்படியொரு கீறல் விழுந்தது. ரமலான் பிறை 20 கடந்திருந்தது. ஸகாத் பணம் ஒரு பையில் சேர்ந்திருந்தது. பள்ளியின் பொது நிதியிலோ விளக்குக் கட்டணம் கட்டவும் பணமில்லை. நிர்வாகிகள் ஒன்றுகூடி, ஸகாத் பணத்தைக் கொண்டு சுவரைக் கட்டிவிடலாம், இதுவும் அல்லாஹ்வின் வேலைதானே என்று முடிவு செய்யும் நிலைக்கு வந்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் என் பக்கம் திரும்பி, ஹஜ்ரத் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். வெளியே வராந்தாவில், தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பிழைக்கும் விதவைத் தாய் ஒருவர் தம் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று அறியக் காத்திருந்தார்.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்திய ஆண்டும் இதுபோல் ஸகாத் பையிலிருந்து ஒரு தொகை பள்ளியின் செலவுக்கு எடுக்கப்பட்டது. அப்போது நான் சட்டம் தெரிந்திருந்தும் வாய் மூடியிருந்தேன். சம்பளம் தருபவர்களிடம் முகம் முறிய வேண்டாம் என்று என் நஃப்ஸு எனக்குக் காரணம் கற்பித்தது. இம்முறை அந்தத் தாயின் முகத்தைப் பார்த்த பிறகு மௌனமாக இருக்க முடியவில்லை. மதரஸாவில் உஸ்தாது அவர்கள் ஓதிக்கொடுத்த ஒரு பெருமகனாரின் வரலாறு நினைவுக்கு வந்தது. 12 நூற்றாண்டுகளுக்கு முன்னர், உலகின் மிகப் பெரிய அரசுகளுள் ஒன்றை ஆண்ட கலீபாவிடம், எந்தப் பணத்தை எந்தப் பெட்டியில் வைக்க வேண்டும், எதிலிருந்து எதற்குச் செலவிட வேண்டும் என்று அஞ்சாமல் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். நிர்வாகிகளிடம் நான் சொன்னதும் அவர்களுடைய வரலாற்றைத்தான். அதையே இங்கும் எழுதுகிறேன்.

ஏழைத் தாயின் மகன்

இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் இயற்பெயர் யஃகூப். தந்தையார் பெயர் இப்ராஹீம். நாயகத் தோழர் ஸஃது இப்னு ஹப்தா (ரலி) அவர்களின் வழித்தோன்றல். ஹிஜ்ரி 113-இல், அதாவது கி.பி. 731-இல், இராக்கிலுள்ள கூஃபா நகரில் பிறந்தார்கள். குடும்பமோ வறுமைப்பட்ட குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார்கள் என்றும், நூல் நூற்றுக் குடும்பத்தைக் காத்த தாயார் மகனை ஒரு சலவைத் தொழிலாளியிடம் வேலைக்கு விட்டார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தந்தையார் அப்போது உயிருடன் இருந்ததாகக் கூறும் அறிவிப்பும் உண்டு. எப்படியாயினும், அன்றாட உணவுக்கு உழைத்தாக வேண்டிய வீட்டுப் பிள்ளை என்பதில் எல்லா அறிவிப்புகளும் ஒத்துப் போகின்றன.

வேலைக்குச் செல்லும் வழியில் இமாமுல் அஃழம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடசபை இருந்தது. சிறுவர் யஃகூபின் கால்கள் துணி வெளுக்கும் துறைக்குச் செல்லாமல் அந்தச் சபைக்கே செல்லலாயின. தாயார் தேடி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். மறுநாள் பிள்ளை மீண்டும் அங்கேயே அமர்ந்திருப்பார். பொறுமையிழந்த தாயார் ஒருநாள் இமாமவர்களிடமே சென்று, என் பிள்ளையைக் கெடுப்பது நீங்கள்தாம் என்று கடிந்துகொண்டார்கள். இமாமவர்கள் கோபப்படவில்லை. உம் மகன் இங்கே பிஸ்தா எண்ணெயில் செய்த பாலூதா உண்ணும் கலையைக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று அமைதியாகச் சொல்லி அனுப்பினார்கள். வயது முதிர்ந்து இவருக்கு அறிவு மயங்கிவிட்டது என்று அந்தத் தாயார் முணுமுணுத்தவாறே திரும்பினார்களாம்.

இமாமவர்கள் வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. பட்டு வணிகரான அவர்கள் மாணவரை அழைத்து 100 திர்ஹம் அடங்கிய ஒரு பையைக் கொடுத்து, இது தீர்ந்ததும் தெரிவிக்கும்படி சொன்னார்கள். ஆனால் தெரிவிக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. பணம் தீரும் தறுவாயில் கேளாமலேயே அடுத்த பை வந்து சேரும். கொடுப்பவரின் கண்ணியமும் பெறுபவரின் மானமும் ஒருசேரக் காக்கப்படும் முறையை இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) முதன்முதலில் கற்றது இந்த அனுபவத்திலிருந்துதான். பிற்காலத்தில் அரசுப் பணம் ஏழைகளைச் சென்றடையும் வழிகளை எழுதியபோது, பெறுபவரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க அவர்களால் முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவர்கள் ஆசிரியரை விட்டுப் பிரியவில்லை. தம் குழந்தை ஒன்று இறந்த நாளிலும், பாடம் தவறிவிடுமே என்று அடக்கப் பொறுப்பை உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் ஒப்படைத்துவிட்டுச் சபைக்குச் சென்றார்கள் என்று கூறப்படுகிறது. ஃபிக்ஹோடு ஹதீஸ் கலையிலும் தேர்ச்சி பெற்றார்கள். பிற்காலத்தில் இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் ஹதீஸ் கற்கத் தொடங்கியபோது முதலில் நாடியவர்களுள் இவர்களும் ஒருவர்.

ஆசிரியர் மறுத்த பதவி, மாணவர் ஏற்ற பதவி

இங்கே ஒரு கேள்வி எழும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கலீபா மன்ஸூர் கொடுக்க முன்வந்த காழீ பதவியை ஏற்க மறுத்து, அதற்காகச் சிறையும் துன்பமும் அனுபவித்து, ஹிஜ்ரி 150-இல் (கி.பி. 767) வஃபாத்தானார்கள். அத்தகைய ஆசிரியரின் அருமை மாணவர் அதே அப்பாஸியர் ஆட்சியில் பதவி ஏற்றது சரியா? அக்காலத்து ஆலிம்களில் சிலரும் இதைக் குறையாகக் கருதவே செய்தார்கள். அரசர்களின் வாசல் ஆலிமுக்கு ஆபத்தான இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால், வாசலுக்குள் சென்றவர் அங்கே என்ன பேசினார் என்பதையும் நாம் பார்க்க வேண்டுமல்லவா?

கலீபா மஹ்தீ காலத்தில் பக்தாதில் காழீயாக அமர்ந்த இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), ஹாதீ காலத்திலும் தொடர்ந்து, ஹிஜ்ரி 170-இல் (கி.பி. 786) ஹாரூன் ரஷீது பதவிக்கு வந்தபின் காழில் குழாத், அதாவது நீதிபதிகளுக்கெல்லாம் தலைமை நீதிபதி என்னும் பதவியைப் பெற்றார்கள். இஸ்லாமிய வரலாற்றில் இப்பெயரால் முதன்முதலில் அழைக்கப்பட்டவர்கள் அவர்களே. நாட்டின் பல பகுதிகளுக்கும் காழீகளைத் தேர்ந்து அனுப்பும் பொறுப்பு அவர்கள் கைக்கு வந்தது.

ஒருநாள் கலீபாவின் உணவு விரிப்பில் அரிதான ஓர் இனிப்பு வைக்கப்பட்டது. கலீபா அதை எடுத்துக் கொடுக்க, என்னவென்று கேட்டபோது பிஸ்தா எண்ணெயில் செய்த பாலூதா என்று விடை வந்தது. இமாமவர்கள் புன்னகைத்தார்கள். காரணம் கேட்ட கலீபாவிடம் பழைய கதையைச் சொன்னார்கள். கல்வி மனிதனை உயர்த்தும் என்று வியந்த ஹாரூன், இமாமுல் அஃழம் அவர்களுக்காக இறைவனிடம் அருள் வேண்டினார்.

கலீபா கேட்டார், இமாம் எழுதினார்கள்

அரசுக்கு வரும் வருவாயை எப்படி வசூலிப்பது, எப்படிப் பங்கிடுவது, மக்கள் மீது அநீதி நிகழாமல் எப்படிக் காப்பது என்று விளக்கி ஒரு நூல் எழுதித் தரும்படி ஹாரூன் ரஷீது கேட்டுக்கொண்டார். அதற்கு விடையாகப் பிறந்ததே கிதாபுல் கராஜ் என்னும் நூல். அரசனுக்கு எழுதும் நூல்கள் பெரும்பாலும் புகழ்மாலையோடு தொடங்கும். இந்நூலோ மறுமையை நினைவூட்டித் தொடங்குகிறது. குடிமக்களைப் பற்றி அல்லாஹ்விடம் கணக்குச் சொல்ல வேண்டிய மேய்ப்பன் நீர், இன்றைய வேலையை நாளைக்குத் தள்ளாதீர் என்ற கருத்தில் நீண்டதோர் அறிவுரையை முதலில் வைத்துவிட்டே அவர்கள் வரி பற்றிய பேச்சுக்கு வருகிறார்கள்.

நூலின் அடித்தளமாக அவர்கள் எடுத்துக்கொண்டது ஹளரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. இராக் வெற்றி கொள்ளப்பட்டபோது, அந்த விளைநிலம் முழுவதையும் போரிட்டவர்களுக்கே பங்கிட்டுவிட வேண்டும் என்று பிலால் (ரலி) போன்ற தோழர்கள் வாதிட்டார்கள். இன்று பங்கிட்டுவிட்டால் நாளை பிறக்கப்போகும் மக்களுக்கு என்ன மிஞ்சும், எல்லைகளை யார் காப்பார்கள், விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் எதைக் கொடுப்பது என்பது உமர் (ரலி) அவர்களின் கவலை. அன்ஸாரிகளில் அவ்ஸ் கோத்திரத்தாரில் 5 பேரும் கஸ்ரஜ் கோத்திரத்தாரில் 5 பேரும் அழைக்கப்பட்டு ஆலோசனை நடந்தது. பின்னால் வரும் தலைமுறையையும் பங்காளிகளாகக் குறிப்பிடும் ஸூரத்துல் ஹஷ்ரின் வசனங்கள் சான்றாக வந்தன. முடிவில், நிலம் உழுபவர்களிடமே விடப்பட்டு, அதன் வரியாகிய கராஜ் எல்லாத் தலைமுறையினருக்கும் பொதுச் சொத்தாக்கப்பட்டது. உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் அளந்தபோது நிலம் 3 கோடியே 60 லட்சம் ஜரீபு இருந்தது. வரிப் பணம் வந்து சேர்ந்தபின்னரும் உமர் (ரலி) அவர்களுக்கு நிம்மதி இல்லை. கூஃபாவிலிருந்து 10 பேரையும் பஸராவிலிருந்து 10 பேரையும் வரவழைத்து, எந்த முஸ்லிமிடமும், முஸ்லிமல்லாத எந்தக் குடிமகனிடமும் அநியாயமாகப் பெறப்பட்ட பணம் இதில் இல்லை என்று சத்தியம் வாங்கினார்கள்.

இரண்டு பணம், இரண்டு பெட்டி

இப்போது நாம் எடுத்துக்கொண்ட விஷயத்திற்கு வருகிறோம். அரசுக்கு வரும் பணம் எல்லாம் ஒரே பணம் அல்ல என்பது இமாமவர்களின் உறுதியான கருத்து. கராஜ் முழுச் சமுதாயத்திற்கும் பொதுவானது. ஸகாத்தோ அல்லாஹு தஆலா திருக்குர்ஆனில் ஸூரத்துத் தவ்பாவின் 60-ஆம் வசனத்தில் பெயர் குறிப்பிட்ட 8 வகையினருக்கு மட்டுமே உரியது: ஏழைகள், வறியவர்கள், அதை வசூலிக்கும் பணியாளர்கள், உள்ளம் இணக்கப்பட வேண்டியவர்கள், அடிமைத் தளையில் இருப்போர், கடன்பட்டோர், அல்லாஹ்வின் பாதையில் இருப்போர், வழிப்போக்கர். எனவே கராஜையும் ஸகாத்தையும் ஒன்றாகக் கலக்கலாகாது என்று அவர்கள் எழுதினார்கள்.

பெட்டி மட்டும் தனியாக இருந்தால் போதாது, வசூலிக்கும் அலுவலரும் தனியாக இருக்க வேண்டும் என்றார்கள். கராஜ் அதிகாரிகளிடம் ஸகாத் வசூலையும் ஒப்படைத்துவிடாமல், நம்பிக்கையும் நாணயமும் உள்ள ஒருவரை ஸகாத்திற்கென்றே நியமித்து, அவர் தமக்குக் கீழே நல்லவர்களைத் தேர்ந்துகொள்ளும்படி செய்யுமாறு கலீபாவைக் கேட்டுக்கொண்டார்கள். கவர்னர்களுக்கும் காழீகளுக்கும் சம்பளம் கராஜ் போன்ற பொது வருவாயிலிருந்து தரப்பட வேண்டும். ஸகாத்திலிருந்து ஒரு காசும் கூடாது. ஸகாத் வசூலிக்கும் பணியாளருக்கு மட்டுமே அதிலிருந்து ஊதியம். இதில் கவனிக்க வேண்டியது, அப்போது காழீகளின் தலைவராக இருந்தவர்கள் அவர்களே. தம் கைக்கு எந்தப் பணம் வரக்கூடாது என்பதைத் தம் பேனாவாலேயே எழுதி வைத்தார்கள்.

மூன்றாவது, ஒரு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஸகாத்தில் ஏழைகளுக்குரிய பங்கை அந்த ஊர் ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும். வேற்றூருக்குக் கொண்டு போகலாகாது என்றார்கள். பக்கத்து வீட்டு அடுப்பு எரியாதிருக்க, பணம் தலைநகரை நோக்கிப் பயணம் போவதை அவர்கள் விரும்பவில்லை.

அணைக்கு எது, சிறைக்கு எது?

பொது நிதியின் செலவுகளையும் அவர்கள் விட்டுவிடவில்லை. தஜ்லா, ஃபுராத் ஆகிய பெருநதிகளின் கரை உடைப்பு, மதகு, அணைக்கட்டு இவற்றைச் சீர்செய்யும் செலவு முழுவதும் பைத்துல்மாலைச் சேர்ந்தது. இது எல்லாருக்கும் பொதுவான காரியம் என்பதால் விவசாயிகள் மீது சுமத்தலாகாது. அந்நதிகளிலிருந்து பிரியும் பெரிய கால்வாய்களுக்கு அரசும் வரி செலுத்துவோரும் சேர்ந்து செலவிட வேண்டும். தத்தம் நிலத்திற்கும் தோட்டத்திற்கும் இழுத்துக்கொள்ளும் சிறு வாய்க்காலின் செலவு உரியவருடையது. பயன் யாருக்கோ, சுமையும் அவருக்கு. பயன் பொதுவானால் சுமையும் பொது. எவ்வளவு தெளிவான கணக்கு!

சிறைக்கைதிகள் விலங்கோடு தெருவில் பிச்சையெடுக்க அனுப்பப்படும் கொடுமை அன்று இருந்தது. இமாமவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்து, ஆதரவற்ற கைதி ஒவ்வொருவருக்கும் மாதம் 10 திர்ஹம் கையிலேயே தரப்பட வேண்டும். ரொட்டியாகக் கொடுத்தால் காவலர்கள் கையாடிவிடுவார்கள் என்று எழுதினார்கள். கோடைக்கு ஓர் உடையும் குளிருக்கு ஓர் உடையும் கொடுக்கச் சொன்னார்கள். உறவினர் இல்லாத கைதி இறந்தால் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுவித்து அடக்கும் செலவும் பைத்துல்மாலுக்கே உரியது. ஒரு காலத்தில் சலவைத் துறையில் நின்ற கைகள் எழுதிய வரிகள் அல்லவா? குளிரில் நடுங்குபவனை அவை மறக்கவில்லை.

வரி கொடுப்பவரின் பக்கமும் நின்றார்கள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஜரீபுக்கு இவ்வளவு என்று நிலையாக வாங்கும் முறை, தரிசு பெருகிவிட்ட அக்காலத்தில் விவசாயியை நசுக்குகிறது. ஆகவே விளைச்சலில் பங்கு வாங்குக என்று ஆலோசனை கூறினார்கள். ஆற்று நீர் தானே பாயும் நிலத்தில் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் ஐந்தில் இரண்டு பங்கு. ஏற்றம் இறைத்துப் பாய்ச்சும் நிலத்தில் பத்தில் மூன்று பங்கு. பேரீச்சை, திராட்சை, காய்கறித் தோட்டங்களுக்கு மூன்றில் ஒன்று. கோடைப் பயிருக்கு நான்கில் ஒன்று. உழைப்பு கூடினால் வரி குறைய வேண்டும் என்பது இதன் உட்பொருள். ஓர் ஊரின் வரியை ஏலம் எடுத்து, போட்ட பணத்திற்கு மேல் கறந்துகொள்ளும் குத்தகைதாரர் முறையை அவர்கள் ஒப்பவில்லை. வரிக்காக அடிப்பதும் வெயிலில் நிறுத்துவதும் கூடாது. அதிகாரியுடன் செல்லும் படைவீரனின் சம்பளம் அரசிலிருந்து வர வேண்டும். விவசாயியிடம் ஒரு திர்ஹமும் பெறலாகாது. நேர்மையானவர்களை அனுப்பி அதிகாரிகளின் நடத்தையை விசாரிக்க வேண்டும். மாதத்திற்கு ஒருமுறையோ இரு மாதத்திற்கு ஒருமுறையோ கலீபா தாமே அமர்ந்து மக்களின் முறையீட்டைக் கேட்க வேண்டும். அப்படி ஒரு நாள் அமர்ந்தார் என்ற செய்தி பரவினாலே தொலைவிலுள்ள அதிகாரியும் அஞ்சுவான் என்பது அவர்களின் கணிப்பு.

அளவுப்படியின் முன் பணிந்த அறிவு

இவ்வளவு பெரிய பதவியில் இருந்தும் உண்மை தெரிந்தபோது தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவர்கள் வெட்கப்படவில்லை. ஹஜ்ஜுக்குச் சென்ற பயணத்தில் மதீனாவில் ஸாஉ என்னும் முகத்தல் அளவின் சரியான கொள்ளளவு பற்றி விவாதம் எழுந்தது. நம் ஸதகத்துல் ஃபித்ரு கணக்கிடப்படுவது இந்த அளவைக் கொண்டுதான் என்பதை வாசகர்கள் அறிவார்கள். மதீனாவாசிகள் தம் தந்தையர், பாட்டனார் வழியாக வந்த படிகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாம் ஏறக்குறைய ஐந்தே கால், ஐந்தே மூன்றில் ஒரு ராத்தல் அளவில் ஒத்திருந்தன. 8 ராத்தல் என்ற தம் ஆசிரியரின் கருத்தை விட்டு, மதீனாவின் அளவை ஏற்றுக்கொண்டார்கள். ஹனஃபீ மத்ஹபில் ஃபத்வா இன்றும் 8 ராத்தல் மீதே நிற்கிறது. ஆயினும் தலைமைக் காழீ ஒருவர் பொதுமக்களின் அளவுப்படியைக் கண்டு பணிந்த அந்தப் பண்பு நமக்குப் பாடம்.

இறுதி நேரத்துக் கண்ணீர்

ஹிஜ்ரி 182-இல் (கி.பி. 798) பக்தாதில் அவர்கள் மறைந்தார்கள். மரணப் படுக்கையில் ஒரு வழக்கை நினைத்து அழுதார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கிறிஸ்தவர் ஒருவர் கலீபா ஹாரூன் மீதே வழக்குத் தொடுத்தார். இமாமவர்கள் விசாரித்து, கலீபாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பில் குறையில்லை. ஆனால் விசாரணையின்போது இருவரையும் சமமாக அமர வைக்கவில்லையே, என் உள்ளம் அந்த அளவுக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதே என்பதுதான் அந்தக் கண்ணீருக்குக் காரணம். நாமோ நாளும் எத்தனை சாய்வுகளை எண்ணிப் பார்க்காமலே உறங்கிவிடுகிறோம்! பக்தாதின் காளிமிய்யா பகுதியில் அன்னாரின் அடக்கத்தலம் இருக்கிறது.

அவர்களுக்குப் பின் வந்த ஹனஃபீ சட்ட அறிஞர்கள் இந்த அடித்தளத்தின் மீது பைத்துல்மாலை 4 பிரிவுகளாக வகுத்தார்கள். ஸகாத்தும் விளைச்சலின் உஷ்ரும் ஒன்று. போர்ப்பொருள், சுரங்கம், புதையல் இவற்றின் ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. கராஜ், ஜிஸ்யா போன்றவை ஒன்று. வாரிசில்லாச் சொத்தும் உரியவர் தெரியாத பொருளும் ஒன்று. இந்த நான்காவது பிரிவிலிருந்து ஏழை நோயாளிகளின் மருந்துக்கும், ஆதரவற்ற மையித்துகளின் கஃபனுக்கும், கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளின் வளர்ப்புக்கும் செலவிடப்படும். ஒரு பெட்டி காலியாகி அவசரம் நேர்ந்தால் மற்றொன்றிலிருந்து கடனாக எடுக்கலாம். வருவாய் வந்ததும் திருப்பி வைத்தாக வேண்டும் என்றும் விதித்தார்கள்.

இன்றைய அரசும் நம் மஹல்லாவும்

இன்று நம் நாட்டில் நடப்பது வேறு அரசியல் சட்டம். ஆயினும் கேள்வி அதே கேள்விதான். தமிழ்நாட்டில் ஒரு கடையில் தேயிலைத் தூள் பொட்டலம் வாங்கினால் அதில் 5 சதவீதம் வரி இருக்கிறது. பாதி மத்திய அரசுக்கும் பாதி மாநில அரசுக்கும் போகிறது. மத்திய அரசு திரட்டும் வரிகளில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்க, அரசியல் சட்டத்தின் 280-ஆவது பிரிவின்படி நிதிக்குழு அமைக்கப்படுகிறது. 2021 முதல் 2026 வரையிலான 5 ஆண்டுகளுக்கு, பகிரத்தக்க வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்தது. மாநிலத்திலிருந்து கேத்தி போன்ற பேரூராட்சிகளுக்கு எவ்வளவு என்பதைப் பரிந்துரைக்க மாநில நிதிக்குழு உண்டு. குறிப்பிட்ட நோக்கத்தின் பெயரைச் சொல்லி வாங்கப்படும் செஸ் என்னும் மேல்வரி மாநிலங்களுக்குப் பகிரப்படுவதில்லை. அப்படி ஒரு பெயரில் வாங்கிய பணம் அந்தப் பெயருக்கே போய்ச் சேர்ந்ததா என்று நாடாளுமன்றத்திலும் தணிக்கையிலும் கேள்வி எழுவது வழக்கம். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) ஹாரூனிடம் எழுப்பிய கேள்வியும் இதுவே.

அரசைப் பார்த்துக் கேட்கும் இக்கேள்வியை நாம் நம் பள்ளிவாசல் அலமாரியைப் பார்த்தும் கேட்க வேண்டாமா? ஸகாத்தைப் பெற்று உடைமையாக்கிக்கொள்ளத் தகுதியுள்ள ஒருவர் வேண்டும். சுவரும் விளக்கும் பாயும் அதைப் பெற முடியாது. இமாமுடைய சம்பளமும் அதில் சேராது. பள்ளிவாசலின் தடுப்புச் சுவர் நதிக்கரையின் அணையைப் போன்றது. அது எல்லாருக்கும் பயன். ஆகவே செலவும் எல்லாருடைய பொது நன்கொடையிலிருந்தே வர வேண்டும். ஏழையின் பையிலிருந்து அல்ல.

அன்றிரவு இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது சபையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கேள்வி கேட்ட பெரியவரே முதலில் எழுந்து, சுவருக்கென்று தம் பங்கை லில்லாஹ்வாக எழுதினார். முந்திய ஆண்டு நான் மௌனமாக இருந்ததையும் ஒப்புக்கொண்டேன். அன்று எடுக்கப்பட்ட தொகை தவணையாகப் பொது நிதியிலிருந்து ஸகாத் பைக்குத் திருப்பி வைக்கப்பட்டது. சுவர் உடனே எழும்பிவிடவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் மணல் மூட்டைகளை அடுக்கி வைத்து, அச்சத்தோடுதான் தொழுதோம். கோடையில்தான் வேலை முடிந்தது. அந்தக் கொழுந்து பறிக்கும் தாய்க்குரிய பங்கு மட்டும் பெருநாளைக்கு முன்பே அவர் வீட்டில் சேர்ந்தது. வாசலில் வரிசையில் நிற்க வைக்காமல், இமாமுல் அஃழம் அவர்கள் பை அனுப்பியதுபோல் கேளாமலேயே அனுப்பினோம்.

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் மஹல்லாவில் ஸகாத் பணத்திற்குத் தனிப் பையும் தனிக் கணக்கும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு பை வாங்குவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. கேட்பவர் குறை சொல்பவர் ஆகிவிட மாட்டார். நிர்வாகிகளின் மறுமைக் கணக்கை இலேசாக்குபவர் ஆவார். வீட்டிலும் அவ்வாறே. ஸகாத்திற்கென்று ஒதுக்கிய பணத்தை வேறு தேவைக்குப் புரட்டிவிட்டுப் பிறகு மறந்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எழுதி வைத்தால் மறதி குறையும்.

ஒவ்வொரு காசுக்கும் உரியவர் யார் என்று அறிந்து, அவரிடமே அதைச் சேர்க்கும் நாணயத்தையும், தெரிந்த சட்டத்தைத் தேவையான நேரத்தில் எடுத்துச் சொல்லும் துணிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் தரஜாவை உயர்த்துவானாக! ஆமீன்.